கிளை விடாத பருத்தி

பருத்தியைப் பருத்தியிடமிருந்து காப்பாற்றுவதுதான் எட்டு வருஷமாகப் பெருந்தேவிக்குப் பெரும்பாடாக இருந்தது. மதுராந்தகம் பக்கத்து ஆராய்ச்சிப் பண்ணையில் எங்கே விதைத்தாலும் ஒரு வண்டு வந்து வேறு செடியின் மகரந்தத்தைப் பூசிவிட்டுப் போய்விடும். விதை கெட்டுப்போகும். அதனால்தான் 2004ஆம் வருஷம் செப்டம்பர் மாதம் சதுரங்கப்பட்டினத்துக்குத் தெற்கே, சவுக்குத் தோப்பை ஒட்டிய கால் ஏக்கர் மணல் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தாள். அந்த வட்டாரத்தில் பருத்தி போடுகிறவர் யாருமில்லை. கடல்தான் கூப்பிடு தூரத்தில் இருந்தது.

அவளுடைய பருத்தி வினோதமானது. சாதாரணச் செடி அடியிலேயே நாலைந்து வெற்றுக் கிளைகளை விட்டுப் புதராகப் பரவும். இது நட்டு வைத்த கம்பு மாதிரி நேராக நின்று, தண்டை ஒட்டியே காய்த்தது. ஒரே ஒரு மரபணுவின் வேலை இது என்று பெருந்தேவி கண்டிருந்தாள். அந்த மரபணு வாய்த்த செடியில் பக்க மொட்டே உருவாவதில்லை என்பது அவள் கட்சி. கூட வேலை பார்க்கும் ஹரிசங்கர் அதை ஒப்புக்கொள்ளவில்லை.

"மொட்டு உள்ளேயே இருக்கு மேடம். நுனியில சுரக்கிற ஹார்மோன் கீழே இறங்கி அதைத் தூங்க வெச்சிருக்கு. உங்க மரபணு அந்தப் பிடியை இறுக்குது, அவ்வளவுதான். ரெண்டு செடியோட நுனியைக் கிள்ளிப் பாருங்களேன், தெரிஞ்சுடும்."

மொத்தமே அறுபத்திரண்டு செடிகள். ஒன்றின் தலையைக்கூடக் கிள்ள அவளுக்கு மனசு வரவில்லை.

நிலத்தைப் பார்த்துக்கொள்ள லோகநாயகி கிடைத்தாள். முப்பத்தைந்து வயசு இருக்கும். புருஷன் துரை வேன் ஓட்டுகிறவன். சொந்த ஊர் மதுராந்தகம் பக்கம் என்றாலும் பிழைப்புக்காகச் சதுரங்கப்பட்டினத்தில் குடியிருந்தார்கள். எட்டாவது வரை படித்தவள். பூக்கட்டிப் பழகிய விரல்கள். பருத்தி மொட்டைப் பிரித்து, சூலகத்தில் நகம் படாமல் மகரந்தப் பைகளை மட்டும் உரித்தெடுக்கப் பெருந்தேவிக்கு ஒரு வருஷம் பிடித்தது. லோகநாயகிக்கு ஒரு வாரம் போதுமாயிருந்தது. "கர்ப்பப்பைய வுட்டுட்டு மீதிய எடுத்துடணும், அதானே மேடம்?" என்று சிரித்தாள். செடிக்குச் செடி கணுக்களை எண்ணி நோட்டில் எழுதுவாள். எந்தச் செடி எந்த வரிசை என்று கேட்டால் நோட்டைப் பார்க்காமலே சொல்லுவாள்.

டிசம்பர் இருபத்தைந்து, சனிக்கிழமை சாயங்காலம் இருவருமாகப் பதினோரு மொட்டுகளை உரித்துக் காகிதக் குழல் மாட்டினார்கள். மறுநாள் காலையில், கொசுவலைக்குள் தனியே வளர்த்த சாதாரணச் செடியின் மகரந்தத்தை அவற்றில் தடவி, தடவிய பூவுக்குத் தேதி எழுதிய சீட்டு கட்ட வேண்டும். ஹரிசங்கர் சொல்வது தப்பு என்று நிரூபிக்கத்தான் இந்தக் கலப்பு. ஒரு நாள் தவறினால் பூ உதிர்ந்துவிடும். கை கழுவும்போது லோகநாயகி சொன்னாள்:

"மேடம், நாளிக்கு நான் வர்றதுக்கில்ல. எங்க வூட்டுக்காரரோட அக்கா பொண்ணுக்கு மஞ்சத்தண்ணி. தாய்மாமன் சீரு நாங்கதான் எடுத்துகினு போவணும். காலீல ஆறு மணிக்கே வேன்ல கெளம்புறோம்."

"இப்ப வந்து சொன்னா எப்படி? பதினோரு பூவையும் உரிச்சாச்சே!"

"போன வாரமே சொன்னேனே மேடம்."

சொல்லியிருந்தாள். பெருந்தேவிதான் மறந்துபோயிருந்தாள். மறந்தது தன் தப்பு என்பதால் கோபம் கூடுதலாக வந்தது.

"பத்து மணிக்குள்ள வேலை முடிஞ்சிடும். அப்புறம் பஸ் பிடிச்சுப் போயேன்."

"மாமங்காரன் பொண்டாட்டி நானு, சீரு வெக்கிற நேரத்துல நான் இல்லேன்னா நல்லாவா இருக்கும்?" லோகநாயகி கொஞ்சம் தயங்கினாள். "ஒரு நாளிக்கி நீங்க வந்து செஞ்சிடக்கூடாதா மேடம்?"

செங்கல்பட்டு வீட்டுக்குப் பெங்களூரிலிருந்து தம்பி குடும்பம் வந்திருந்தது. காலையில் எல்லோருமாக உட்கார்ந்து சாப்பிடுவது என்று ஏற்பாடு. அதைச் சொல்லப் பெருந்தேவிக்கு வாய் வரவில்லை.

"எனக்கு வேற வேலை இருக்கு. பூவுக்கு லீவெல்லாம் தெரியாது லோகநாயகி. நாளைக்கு வரலைன்னா அப்புறம் வரவே வேண்டாம்."

லோகநாயகி ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே நின்றாள். "சரி மேடம்" என்றாள்.

மறுநாள் காலை பத்தரைக்குத் தம்பி மகள் ரக்ஷா டிவி முன்னால் உட்கார்ந்து சேனல் மாற்றிக்கொண்டிருந்தாள். மெரினாவில் கார்கள் மிதப்பதைக் காட்டினார்கள். பெருந்தேவி தோசைத் திருப்பியோடு வந்து நின்று பார்த்தாள். கீழே ஓடிய எழுத்துகளில், சதுரங்கப்பட்டினத்தை ஒட்டிய கல்பாக்கத்தின் பெயர் வந்ததும் அடுப்பை அணைத்தாள். ஆட்டோவில் கிளம்பினாள். திருக்கழுக்குன்றம் தாண்டியதும் போலீஸ் மறித்தார்கள். எதிரே தலையில் மூட்டையும் இடுப்பில் குழந்தையுமாக ஜனங்கள் வந்துகொண்டிருந்தார்கள். அன்று போக முடியவில்லை.

திங்கட்கிழமைதான் போய்ச் சேர்ந்தாள். வேலி இல்லை, கொசுவலைக் கூண்டு இல்லை. செடிகள் சேற்றில் படுத்துக் கிடந்தன. தோப்போரத்து மேட்டில் மட்டும் ஒன்பது செடிகள் நின்றன. அவற்றில் இரண்டு பூக்களில் சீட்டு கட்டியிருந்தது. பென்சிலால் எழுதிய தேதி அழியவில்லை. மீதிப் பூக்களுக்குச் சீட்டு இல்லை.

லோகநாயகியைச் சவுக்குத் தோப்புக்குள் கண்டெடுத்திருந்தார்கள்.

ஊரிலிருந்து திரும்பியிருந்த துரை வீட்டு வாசலில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் அவனுடைய மகள். சீருக்குப் போனதால் தப்பித்தவர்கள். துரை அழவில்லை. பெருந்தேவியைப் பார்த்ததும் எழுந்தான்.

"தலப்பாடா அடிச்சிகினேன் மேடம். எங்க அக்கா வூட்டு விசேஷம், வாடின்னேன். செடிதான் முக்கியம்னு நின்னுட்டா. எங்க சனம்னா அவளுக்கு என்னைக்குமே ஆவாது. போறப்ப மூஞ்சி குடுத்துகூடப் பேசாம கெளம்பிட்டேன்."

பெருந்தேவி வாயைத் திறந்தாள். சுற்றிலும் பத்துப் பேர் நின்றார்கள். மூடிக்கொண்டாள். பிறகு சொல்லலாம் என்று நினைத்தாள்.

பிறகு என்பது மூன்று மாதமாயிற்று. அந்த மூன்று மாதமும் அவள் வாரம் ஒருமுறை நிலத்துக்குப் போனாள். துரை வீட்டுத் தெருவைத் தவிர்த்து, சுற்றுவழியாகப் போனாள். மேட்டுச் செடிகளுக்கு நல்ல தண்ணீர் விட்டு உப்பைக் கழுவினாள். சீட்டு கட்டிய பூக்கள் உதிர்ந்துபோயின. ஒன்பதில் மூன்று செடிகள் காய்ந்தன. மீதி ஆறிலும் நுனி கருகியது. பிப்ரவரிக் கடைசியில் அந்த ஆறின் அடிக்கணுக்களிலிருந்தும் பச்சையாக என்னவோ எட்டிப் பார்த்தது. மார்ச்சில் அவை கிளைகளாயின. எட்டுத் தலைமுறையாகக் கிளையே விடாத செடி, நுனி செத்ததும் நாலு பக்கமும் கிளைத்து நின்றது. ஹரிசங்கர் சொன்னதுதான் சரி. மொட்டு எப்போதும் உள்ளேயே இருந்திருக்கிறது. இரண்டு செடியின் நுனியை அவள் நவம்பரிலேயே கிள்ளியிருந்தால் தெரிந்திருக்கும். டிசம்பரில் அந்தப் பதினோரு பூக்களுக்கு அவசியமே வந்திருக்காது.

அவள் கணு கணுவாக எண்ணி எழுதிக்கொண்டிருந்தபோதுதான் துரை வந்தான். மெலிந்திருந்தான். வரப்பில் குந்தி உட்கார்ந்து, அவள் எழுதுவதைக் கொஞ்ச நேரம் பார்த்தான்.

"இதுக்குத்தானா மேடம்?"

"ஆமாம்."

"அன்னிக்கி இன்னா வேல?"

"பூவுக்கு மகரந்தம் தடவணும்."

"எம்மாம் நேரம் ஆவும்?"

"ஒரு மணி நேரம்."

துரை தலையை ஆட்டினான். "ஒரு மணி நேர வேலைக்கு மாமன் சீர வுட்டுட்டு நின்னாளே, அதத்தான் என்னால தாங்க முடியல. பதினாறாம் நாளு காரியம் பண்ணேன். கடனேன்னு பண்ணேன். சொட்டுத் தண்ணி வரல கண்ணுல. எம் பொண்ணு கேக்குது, அம்மா ஏன் நம்மகூட வரலேன்னு. நான் இன்னா சொல்றது?"

பெருந்தேவி நோட்டை மூடினாள்.

"அவ வரமாட்டேன்னுதான் சொன்னா துரை. சீருக்குப் போகணும்னு ஒரு வாரம் முன்னாடியே சொல்லியிருந்தா. நான்தான் விடலை. வரலைன்னா வேலைக்கே வர வேண்டாம்னு சொன்னேன். என்னை வந்து செய்யச் சொல்லிக்கூடக் கேட்டா. எங்க வீட்டுல விருந்தாளிங்க. நான் வரலை."

துரை அவளையே பார்த்தான். அடிப்பான் என்று நினைத்தாள். அடித்தால் தேவலை என்றும் இருந்தது.

"எங்கிட்ட ஏன் சொல்லல அவ?" என்றான். அவளைக் கேட்டதாகத் தெரியவில்லை. "சொல்லியிருந்தா வேலைய வுட்டுத் தொலைன்னுருப்பேன். அதான் சொல்லல. இந்த வேல அவளுக்கு அவ்ளோ புடிக்கும். நோட்ட எங்கிட்ட காட்டுவா. எனக்கு ஒண்ணும் புரியாது. மூணு மாசம் மேடம். மூணு மாசமா செத்தவள திட்டிகினு கீறேன். எம் பொண்ணு எதிர்ல திட்டினேன். நீங்க அன்னிக்கே சொல்லியிருக்கலாமே."

அவன் முகத்தை மூடிக்கொண்டு அழுதான். பெருந்தேவி கிட்டப் போகவும் முடியாமல் நகரவும் முடியாமல் நின்றாள். வெயில் ஏறிக்கொண்டே போயிற்று. கடைசியில் அவன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தான்.

"எம் பொண்ணு சாயங்காலம் ஸ்கூல் வுட்டு வரும். நீங்க வந்து அதுங்கிட்ட சொல்லுங்க. எங்கிட்ட சொன்ன மாரியே சொல்லுங்க. நான் சொன்னா அது நம்பாது."

"வர்றேன்" என்றாள் பெருந்தேவி.

நாலரை மணிக்குப் போனாள். சீருடையோடு நின்ற பெண்ணிடம் எல்லாவற்றையும் ஒரு வார்த்தை விடாமல் சொன்னாள். அந்தப் பெண் கேட்டு முடித்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டது. துரை வாசலில் நின்றபடி, "போதும் மேடம். இனிமே இந்தப் பக்கம் வராதீங்க" என்றான்.

பெருந்தேவி அதன்பின் அங்கே போகவில்லை. நோட்டுகளை ஹரிசங்கரிடம் கொடுத்துவிட்டு, பாடம் நடத்தும் வேலைக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டாள். ஆராய்ச்சியை அவன்தான் எழுதி முடித்தான். அச்சில் வந்ததும் அவளிடம் ஒரு பிரதி கொண்டுவந்து கொடுத்தான். அதில் அவள் பெயரும் இருந்தது. செடிகளின் நுனி கருகக் காரணம் கடல்நீர் என்று ஒரே வரியில் போட்டிருந்தது.