650க்குப் பக்கத்தில் இருந்தது

மனித குலத்தின் வரலாறு என்பது தண்ணீரை மனிதன் வென்ற வரலாறு. மலேசியாவில், ஈஜோக்குக்கு உள்ளே, ஒரு செம்பனைத் தோட்டத்தின் பள்ளத்துக் குடியிருப்பில் புதுப் பம்பைத் திறந்துவைத்தபோது, வெள்ளத் தடுப்புக் குழுத் தலைவர் அம்பிகைபாகன் இப்படித்தான் தொடங்கினார். யாழ்ப்பாண வம்சாவளி, ஓய்வுபெற்ற பொறியாளர். அடுத்த வாக்கியம் வருவதற்குள் தூறல் போட்டது. ஒலிபெருக்கி இரண்டு தரம் விக்கிவிட்டு நின்றுபோனது.

ஆனால் அவர் உழைப்பைக் குறை சொல்ல முடியாது. மேட்டு வாய்க்காலில் தேங்காய் ஓட்டை மிதக்கவிட்டு, கடிகாரத்தைப் பார்த்தபடி கரையோரம் கூடவே நடந்தவர் அவர். ஓட்டின் வேகத்தை வாய்க்காலின் அகலத்தாலும் ஆழத்தாலும் பெருக்கினார். கனமழையில் பள்ளத்துக்குள் நொடிக்கு முந்நூறு லிட்டர் வரும். பம்பின் தகட்டில் 650 என்று இருந்தது. ஆக, வருவதைப் போல் இரண்டு மடங்கு வெளியே போகும். இதைத் தட்டச்சு செய்து, கையெழுத்திட்டு, கண்ணாடிச் சட்டம் போட்டு அலுவலகச் சுவரில் மாட்டினார்கள்.

650க்குப் பக்கத்தில் என்ன எழுதியிருந்தது என்று அவர் பார்க்கவில்லை. பம்பு லோரியிலிருந்து இறங்கியதுமே பூசை போட்டுவிட்டார்கள். தகட்டின் அந்த ஓரத்தில்தான் கட்டைவிரல் அகலத்துக்குச் சந்தனம் அப்பி, நடுவில் குங்குமம் வைத்திருந்தது. சாமிக்கு வைத்ததை யார் சுரண்டுவார்கள்? பெரிய பம்பு, பெரிய எண். நொடிக்கு லிட்டராகத்தான் இருக்கும்.

நவம்பரில் மூன்று நாள் விடாமல் பெய்தது. மூன்றாம் நாள் காலையிலேயே, சட்டம் போட்ட கணக்கை மதிக்காமல், பள்ளத்துக் குடும்பங்கள் மோட்டார் சைக்கிளில் கிளம்பிவிட்டன. மாடில்டா மட்டும் கிளம்ப முடியவில்லை. அவள் தோட்ட அலுவலகத்தில் கிராணி, கணக்கெழுதுபவள். கணவன் கில்பர்ட்டுக்கு இடுப்பெலும்பில் தகடு வைத்துப் பத்து நாள்தான் ஆகியிருந்தது. படுத்தபடிதான் அவனை எடுத்துப்போக முடியும். அதற்கு லோரி வேண்டும். லோரிக்குத் தலைவர் உத்தரவு வேண்டும்.

"ரோட்டுல முட்டிக்கு மேல ஏறுச்சுன்னா எஞ்சின் தண்ணி குடிச்சிரும்கா. அப்புறம் நான் வர முடியாது லா," என்று ஓட்டுநர் சேது சொல்லியிருந்தான்.

மத்தியானம் அவள் பம்புக் கொட்டகைக்கு ஓடினாள். அம்பிகைபாகன் குடை பிடித்து நின்றிருந்தார். பக்கத்தில், ரோட்டோரம் நட்ட அளவுக் கம்பு. முட்டிக் குறிக்கு இன்னும் பதினைந்து சென்டிமீட்டர்தான் பாக்கி.

"சார், தண்ணி ஏறுது சார்."

"ஏறேல்லை பிள்ளை. கம்பு புதையுது. சேத்து நிலம் எல்லோ."

"என் வீட்டு வாசப்படியுமா புதையுது?"

"பயப்பிடாதேயும். வாறது முந்நூறு, போறது அறுநூற்றைம்பது. இப்ப லோரியைக் கூப்பிட்டால் சனம் என்ன நினைக்கும்? கணக்குப் பிழைக்காது."

வீட்டில் கட்டிலின் கால்கள் ஏற்கெனவே தண்ணீரில். அவள் கொட்டகைக்குள் இறங்கினாள். தொடை வரை குளிர் ஏறியது. பம்பு பாவம், முழு மூச்சாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. தகட்டின் முன் நின்று சிலுவைக் குறி போட்டாள். யாருடைய சாமியிடம் மன்னிப்புக் கேட்டாள் என்று அவளுக்கே தெரியவில்லை. கட்டைவிரலால் சந்தனத்தைத் துடைத்தாள்.

m³/h.

மாதாமாதம் தண்ணீர்ப் பில்லில் பார்க்கிற கன மீட்டர். பக்கத்தில் மணி. நொடியும் இல்லை, லிட்டரும் இல்லை.

ஒரு கன மீட்டர் ஆயிரம் லிட்டர். ஆறரை லட்சம் லிட்டர், ஒரு மணி நேரத்துக்கு. மணிக்கு மூவாயிரத்து அறுநூறு நொடி. வகுத்தாள். பயத்தில் தப்பாக வந்திருக்கும் என்று மறுபடி வகுத்தாள். இரண்டு தரமும் நூற்றெண்பதுதான் வந்தது. முந்நூறு வருகிறது, நூற்றெண்பது போகிறது. மிச்சம் நூற்றிருபது நொடிதோறும் ஓர் ஏக்கர் பள்ளத்தில் நிற்கிறது. மணிக்கு அரை ஜாண் ஏறும். முட்டிக் குறிக்கு ஒன்றரை மணி நேரம்கூட இல்லை.

வெளியே வந்து சொன்னாள். அம்பிகைபாகன் குடையை மடக்கினார், ஏனென்று தெரியாமல். நனைந்தபடி தாமும் கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தார். உதடுகள் அசைந்தன.

"நூற்றெண்பது தசம் ஐந்து ஐந்து," என்றார். பிறகு, மிகச் சிறிய குரலில், "சேது எங்க நிக்கிறான்?"

லோரி வருவதற்கே முக்கால் மணி நேரம் ஆயிற்று. வீட்டுக் கதவைக் கழற்றி, அதன்மேல் கில்பர்ட்டைக் கிடத்தி, சேதுவும் அவன் கூட்டி வந்த மூன்று பேரும் தூக்கினார்கள்.

"மெதுவா தூக்குங்கடா. பொணத்தைக்கூட இப்படிக் குலுக்க மாட்டாங்க," என்றான் கில்பர்ட். அவன் பற்கள் அடித்துக்கொண்டிருந்தன.

"வாய மூடு," என்றாள் மாடில்டா.

அம்பிகைபாகன் முன்னால் சேதுவுக்குப் பக்கத்தில் ஏறிக்கொண்டார். பின்னால் தார்ப்பாய்க்கு அடியில் கில்பர்ட்டின் கதவைக் கயிற்றால் கட்டினார்கள். அவள் அவன் தோளைப் பிடித்துக்கொண்டாள். தாழ்வான இடத்தில் லோரி இருமியது. ஒரு தரம். இன்னொரு தரம். சேது முன்னால் யாரையோ திட்டுவது கேட்டது. "சார், ஸ்டியரிங்கை விடுங்க சார்! நான்தானே ஓட்டறேன்!" தண்ணீர் பலகை இடுக்கில் புகுந்து கில்பர்ட்டின் குதிகாலைத் தொட்டது. மாடில்டா கண்ணை மூடி நொடிகளை எண்ணினாள். எழுபத்தொன்றில் சக்கரம் மேட்டைப் பிடித்தது.

பள்ளி மண்டபத்தில் கில்பர்ட்டுக்கு ஒரு மெத்தை கிடைத்தது. தகடு நகரவில்லை என்று தாதி அழுத்திப் பார்த்துச் சொன்னாள். அப்போதுதான் மாடில்டா உட்கார்ந்தாள்.

பதிவு மேசையில் விஜயராணி என்ற பெண் ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டாள். "வீட்டுக்குள்ள எவ்வளவு தண்ணி?" ஒருவர் முட்டியைக் காட்டினார். இன்னொருவர் இடுப்பை. மாடில்டா முட்டிக்குக் கொஞ்சம் மேலே காட்டினாள். அடுத்து, போர்வையும் பிஸ்கட் பொட்டலமும் வாங்கிக்கொண்டு நின்ற அம்பிகைபாகனின் முறை வந்தது.

அவர் வீடு கோயில் மேட்டில் இருக்கிறது. அங்கே தண்ணீர் வரவில்லை. "பூச்சியம் தசம் பூச்சியம்," என்று சொல்லி, போர்வையை மேசைமேல் திருப்பி வைத்தார்.