ஏர் கட்டாத வருஷம்

எங்கள் ஊரில் குத்தகைக்கு எழுத்து கிடையாது. புரட்டாசியில் முதல் உழவை யார் ஓட்டுகிறாரோ அவர்தான் அந்த வருஷத்துக் குத்தகைக்காரர், ஊரே சாட்சி. நாராயணசாமியின் மேட்டு நிலத்தில் என் மாமனாருக்குப் பிறகு என் வீட்டுக்காரர் அம்மாசிதான் ஏர் கட்டிவந்தார். எங்கள் அடுப்பு எரிந்ததே அந்த நிலத்தால்தான்.

எண்பத்தேழில் இட ஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் சாலை மறியல். சங்கராபுரம் ரோட்டில் புளியமரங்களை வெட்டிச் சாய்த்தார்கள். இவர் கோடாலியைத் தொடக்கூட இல்லை, கூட்டத்தோடு நின்றார். போலீஸுக்கு நின்றவன் வேறு, வெட்டியவன் வேறா? அள்ளிக்கொண்டுபோய்க் கடலூர் ஜெயிலில் போட்டார்கள்.

மரங்களை அப்புறப்படுத்தியதும் முதலில் வந்தது பஸ் இல்லை, நாராயணசாமியின் புது டிராக்டர். எங்கள் கூரையைவிட உயரம். பின்னால் விதைக்கிற மிஷின். டிரைவர் தெய்வசிகாமணி, அறுத்த பயிரின் தாளுக்கு நடுவே கோடு கிழித்துச் சோயா விதையை இறக்கிக்கொண்டே போனான். உழவே இல்லை. நான் வரப்பில் நின்று கத்தினேன்.

"அவரு வந்து ஏரு கட்டுவாருங்க. அதுக்குள்ள இன்னா அவசரம்?"

"உழவே வேணாம் கண்ணகி. மண்ணப் பொரட்டினா ஈரம் பூடும். இது புது மாதிரி" என்றார் கூடவே வந்திருந்த நாராயணசாமி, ரொம்பப் பிரியமாக. நான் கஞ்சி காய்ச்சி இறக்குவதற்குள் மொத்த நிலமும் முடிந்துவிட்டது.

இவர் ஜெயிலிலிருந்து வந்தபோது செடி முட்டி உயரம் நின்றது. "பொரட்டாத மண்ணுல எப்பிடிடி மொளச்சிது?" என்று ஆச்சரியப்பட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வேலையில் பங்கு கேட்கப் போன மனுஷனுக்கு இருந்த வேலையும் போய்க்கொண்டிருந்தது, அது தெரியவில்லை.

"யாரும் ஏரு கட்டல, இந்த வருஷம் குத்தகை இல்ல" என்றார் நாராயணசாமி. ஊரைக் கூட்டினோம். எங்களுக்குச் சாட்சி பக்கத்து நிலத்து வேடியப்பன். இவரோடு ஜெயிலில் கிடந்தவன்.

"யாருப்பா உழுதது?" என்று நாட்டாமை கேட்டார்.

வேடியப்பன் எங்களைப் பார்த்தான். "யாரும் உழலீங்க."

பொய் இல்லையே. அவனை என்னவென்று திட்டுவது?

"அம்மாசி, நீ உழுதியா?"

"ஒரு சால் ஓட்டினேன்னு சொல்லுய்யா" என்று இவரை இடித்தேன். தாள் அப்படியே நிலத்தில் நிற்கிறது, யார் நம்புவார்கள்?

"இல்லீங்க" என்றார்.

"நாம வெச்ச வழக்கந்தாம்பா" என்று நாட்டாமை துண்டை உதறிக்கொண்டு எழுந்தார். யாரையும் குற்றம் சொல்ல வழியில்லை. அன்று முழுக்க அழுதேன்.

உழாத நிலத்தில் களை மண்டியது. கூலிக்கு ஆள் வேண்டுமென்று சொல்லி அனுப்பினார்கள். வேறு போக்கில்லை, போனோம். நான் நேராக இறங்கிவிட்டேன். இவர் மட்டும் வரப்பிலேயே நின்றார்.

"எறங்கலாமுங்களா?" என்று தெய்வசிகாமணியைக் கேட்டார்.

அவன் பீடியை வாயிலிருந்து எடுக்காமலே தலையாட்டினான்.