கருடசேவைக்கு எழுந்திருக்காதவன்

எல்லம்மாள் சாட்சிக் கூண்டில் ஏறியபோது அவள் மறக்கக் கூடாதது ஒன்றே ஒன்றுதான். தன் புருஷன் நல்லவன் என்று வாய் தவறிக்கூடச் சொல்லக் கூடாது. சொன்னால் அவன் உள்ளே போய்விடுவான்.

கேட்கிறவர்களுக்கு இது கிறுக்குத்தனமாகத்தான் படும். திருட்டு வழக்கில் நிற்கிறவனைக் கட்டிக்கொண்டவளே நல்லவன் என்று சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வார்கள்? முந்தாநாள் அவளும் வக்கீல் தனசேகரனிடம் அப்படித்தான் கேட்டாள். அன்றைக்குக் காலையில் தெருப் பெரிய மனிதர்கள் நாலு பேர் வெளுத்த வேட்டியோடு வக்கீல் வீட்டுக்கு வந்து, முனிரத்தினம் சொக்கத்தங்கம் என்று கோர்ட்டில் சொல்லத் தயார் என்றார்கள். வக்கீல் காப்பி கொடுத்து அவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டார். அவர்களுக்குப் பொல்லாத கோபம். காப்பியை மட்டும் ஒருவரும் மிச்சம் வைக்கவில்லை.

அவர்கள் போன பிறகு வக்கீல் கதவைச் சாத்திவிட்டு எல்லம்மாளிடம் விஷயத்தைச் சொன்னார். ஒன்பது வருஷத்துக்கு முன்னால், கல்யாணத்துக்கு முன்பு, ஆரணியில் ஒரு முதலாளி வீட்டில் பட்டு நூல் திருடியதற்காக முனிரத்தினம் நாலு மாதம் ஜெயிலில் இருந்தவன். அந்தத் தீர்ப்பின் நகல் சர்க்கார் வக்கீல் கையில் இருக்கிறது. அன்றைக்குத் திருடினவன்தானே, இன்றைக்கும் திருடியிருப்பான் என்று பேசச் சட்டம் அவரை விடாது. ஆனால் நம் பக்கத்துச் சாட்சி யாராவது அவன் நல்லவன் என்று வாயைத் திறந்துவிட்டால், அதற்குப் பதிலாக அந்தக் காகிதத்தை அவர் நீட்டலாம். நுணலும் தன் வாயால் கெடும் என்றார் வக்கீல்.

"அவன் எப்படிப்பட்ட ஆளுன்னு சொல்லாதம்மா. அவன் பழக்கம் இன்னான்னு மட்டும் சொல்லு. அது சாட்சியில நிக்கும்."

எல்லம்மாளுக்கு அதற்குமேல் எதுவும் காதில் ஏறவில்லை. ஆரணியில் மாமன் வீட்டில் தங்கித் தறி கற்றுக்கொண்டதாக அவன் சொல்லியிருந்தான். ஏழு வருஷமாக அவளும் அதை நம்பி, மாமியார் வீட்டுப் பெருமைபோல ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். இப்போதும் அவன் சப் ஜெயிலில் இருந்துகொண்டு, பெண்டாட்டிக்கு மட்டும் தெரிய வேண்டாம் என்று வக்கீலிடம் கெஞ்சியிருக்கிறான். அவளுக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது.

வழக்கு இதுதான். வைகாசி கருடசேவை அன்று, முனிரத்தினத்துக்கு நெசவு வேலை கொடுக்கும் முதலாளி சிட்டிபாபுவின் வீட்டார் எல்லோரும் சாமி பார்க்க ராஜவீதிக்குப் போயிருந்த நேரத்தில், வீட்டிலிருந்த சரிகைக் கட்டுகள் காணாமல் போயின. பின்சந்தில் முனிரத்தினத்தைப் பார்த்ததாக வேலைக்காரன் பரமசிவம் சாட்சி சொன்னான். அன்றைக்கு நெசவாளர் தெருவே காலியாகக் கிடந்ததால், முனிரத்தினம் வீட்டில்தான் இருந்தான் என்று சொல்ல எல்லம்மாளைத் தவிர நாதி இல்லை.

தனசேகரன் கேட்டதற்கெல்லாம் அவள் நிதானமாகவே பதில் சொன்னாள். அன்றைக்கு அவன் பாவு பிணைத்துக்கொண்டிருந்தான். தறியில் நீளவாக்கில் ஓடுகிற பழைய பாவு தீர்ந்துபோனதும், அதன் ஒவ்வொரு இழையோடும் புதுப் பாவின் இழையைச் சேர்த்து, விரலில் சாம்பலைத் தொட்டு முறுக்க வேண்டும். நாலாயிரத்துச் சொச்சம் இழை. வேறு வீடுகளில் இரண்டு பேர், மூன்று பேர் மாற்றி மாற்றி உட்காருவார்கள். அவன் மட்டும் அடுத்தவர் கையைப் பட விடமாட்டான். இரண்டு கை முறுக்கினால் இழுப்பு ஒன்றுபோல வராது, நெய்யும்போது இழை அறும் என்பான். விளக்கு வெளிச்சத்தில் இழை தெரியாது என்பதால், விடியலில் உட்கார்ந்தால் விளக்கு வைக்கும்வரை எழுந்திருக்க மாட்டான். சோற்றைக்கூட அவள்தான் உருட்டி வாயில் போடுவாள். கருடசேவைக்கு முந்தின நாள் சாயங்காலம்தான் பாவு கொடுத்ததாகவும், கருடசேவைக்கு மறுநாள் காலையில் தன் ஆள் போய்ப் பார்த்தபோது முனிரத்தினம் நெய்துகொண்டிருந்ததாகவும் சிட்டிபாபுவே முதல்நாள் சாட்சியத்தில் ஒப்புக்கொண்டிருந்தார்.

அப்புறம் சர்க்கார் வக்கீல் எழுந்தார். அவருடைய இடது கைக்கு அடியில் ஒரு மடித்த காகிதம் இருந்தது. அது ஆரணித் தீர்ப்பு என்று எல்லம்மாளுக்குப் புரிந்தது.

பெருமாள் தெரு முனைக்கு வந்தபோதுமா அவன் எழுந்திருக்கவில்லை என்று கேட்டார். ஆமாம் என்றாள். ஊரே கன்னத்தில் போட்டுக்கொள்ளும்போது அவன் மட்டும் இழை முறுக்கிக்கொண்டிருந்தானா என்றார். கோர்ட்டில் சிரித்தார்கள். இந்தப் பழக்கம் எத்தனை நாளாக என்றார். கல்யாணம் ஆனதிலிருந்து, வருஷத்துக்கு ஆறேழு பாவு, ஒரு தடவைகூட நடுவில் எழுந்ததில்லை என்றாள். அவர் குரலைத் தணித்துக்கொண்டு, உறவுக்காரர்போலப் பேச ஆரம்பித்தார். அதுதான் ஆபத்து என்று அவளுக்குத் தெரிந்தது.

"அப்படின்னா உன் புருஷன் முதலாளி குடுத்த வேலையை உசுரா நினைக்கிறவரு. அப்படித்தானேம்மா?"

"பாவு பிணைச்சா எழுந்திருக்க மாட்டாருங்க."

"அடுத்தவங்க பொருளைத் தொடாதவரு."

அவள் தன் வக்கீலைப் பார்த்தாள். தனசேகரன் எழுந்து இந்தக் கேள்வி கூடாது என்றார். சர்க்கார் வக்கீல் விடவில்லை. மாஜிஸ்திரேட் பேனாவை மேஜையில் வைத்துவிட்டு, சாட்சி விரும்பினால் பதில் சொல்லட்டும் என்றார்.

"ஒரே வார்த்தைம்மா. உன் புருஷன் நல்லவரா, இல்லையா?"

பொறி என்றால் இதுதான் பொறி. ஆமாம் என்றால் காகிதம் பிரியும். இல்லை என்றால் கட்டினவளே கைவிட்டாள் என்று ஆகும். முனிரத்தினம் குற்றவாளிக் கூண்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவளையே பார்த்தான். ஆரணிக் கதை அவளுக்குத் தெரியும் என்பது அவனுக்கு இன்னும் தெரியாது. ஒரு வார்த்தை சொல்லேன் என்று அவன் கண் கெஞ்சியது. தன் தலையில் தானே மண்ணைப் போட்டுக்கொள்ளப் பார்க்கிறானே பாவி என்று நினைத்துக்கொண்டாள்.

"அது எனக்குத் தெரியாதுங்க," என்றாள். "அன்னிக்கு மதியம் அவருக்கு நான் சோறு ஊட்டினேன். அது தெரியும்."

சர்க்கார் வக்கீல் காகிதத்தைக் கட்டுக்குள் செருகிக்கொண்டு உட்கார்ந்தார். முனிரத்தினம் கம்பியிலிருந்து கையை எடுத்தான். அவன் தலையைக் குனிந்துகொண்டான். ஆரணிக் கதை அவளுக்குத் தெரிந்துவிட்டது என்பது அவனுக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும்.

அடுத்த வாரம் தீர்ப்பு வந்தது. இருட்டு விழுவதற்குள் அத்தனை இழையையும் ஒற்றை ஆளாக முறுக்கியவன் நடுவில் எழுந்து போயிருக்க முடியாது என்று மாஜிஸ்திரேட் எழுதியிருந்தார். விடுதலை. தெருப் பெரிய மனிதர்கள் கோர்ட்டு வாசலில் மாலையோடு நின்றார்கள், கோபத்தை எங்கே வைத்தார்களோ.

மாலையை வாங்கிக் கையில் சுருட்டிக்கொண்டு முனிரத்தினம் அவள் பின்னாலேயே நடந்தான். பஸ் ஸ்டாண்டு தாண்டுகிற வரைக்கும் அவள் திரும்பவில்லை. அப்புறம் அவனே கேட்டான்.

"ஆரணி சமாச்சாரம் வக்கீலு சொல்லிட்டாரா?"

"சொன்னாரு."

அவன் முகத்தில் கொஞ்சம் தெளிவு வந்தது, சிரிப்புக்கூட எட்டிப் பார்த்தது.

"அதானே பார்த்தேன். தெரியாதுன்னு சொல்லச் சொல்லி நல்லாத்தான் சொல்லிக்குடுத்துக்கிறாரு மனுசன். நான் பயந்தே பூட்டேன், எல்லம்மா."

எல்லம்மாள் நின்று, திரும்பி, அவன் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"பேசாம இருக்கத்தான் அவரு சொல்லிக்குடுத்தாரு," என்றாள். "தெரியாதுன்னு சொன்னது நானுதான்."

வெயில் சுள்ளென்று அடித்தது. அவள் முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டு முன்னால் நடந்தாள். அவன் மாலையும் கையுமாக அங்கேயே நின்றுகொண்டிருந்தான்.