முந்திக்கொண்ட நன்றிக் கடிதம்

பூனாவில் கோர்படி ரயில்வே காலனிப் பக்கம் இருக்கிற தமிழ்க் குடும்பங்களில் யாருக்கு இங்கிலீஷில் கடிதம் வேண்டுமென்றாலும் என்னிடம்தான் வருவார்கள். லீவு விண்ணப்பம், இரங்கல், ஸ்கூலில் இடம் கேட்டுக் கெஞ்சல் எல்லாம் அடித்துக் கொடுப்பேன். பகலில் நான் ராணுவ ஸ்டோர்ஸில் டைப்பிஸ்ட் வால்டர். பூட்ஸ் இத்தனை ஜோடி, கம்பளி இத்தனை என்று அடித்து அடித்து விரலெல்லாம் வறண்டுபோயிருக்கும். சாயங்காலம் வீட்டு மெஷின் முன்னால் உட்கார்ந்தால்தான் எனக்கு எழுத்து நடை வரும். அந்த நடையை நானே மெச்சிக்கொள்வேன். மெச்ச வேறு யாரும் முன்வராததால் அந்த வேலையும் என் தலையில் விழுந்தது.

எனக்கு ஒரு வழக்கம் உண்டு. எதையும் முன்கூட்டியே அடித்து, தேதிக்கு மட்டும் இடம் விட்டு வைத்துவிடுவேன். காலனியில் இருக்கிற மாடசாமியின் மாமனார் சீரியஸாகக் கிடந்தபோது இரங்கல் கடிதத்தைத் தயார் செய்துவிட்டேன். மனிதர் பிழைத்துக்கொண்டார். விஷயம் தெரிந்து மாடசாமி நாலு வருஷம் என்னோடு பேசவில்லை. அப்போதாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும்.

எண்பத்தொன்றாம் வருஷம் ஜூன் மாதம் என் மனைவி ஆட்ரிக்குக் கழுத்தில் தைராய்டு கட்டி. ஆட்ரி வெளியூர்ப் போன் இணைப்புக் கொடுக்கிற ட்ரங்க் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். 'நம்பர் ப்ளீஸ்' என்று அவள் கேட்டால், சண்டை போடுவதற்காகப் போனை எடுத்தவன்கூட எதற்காக எடுத்தோம் என்று ஒரு நிமிஷம் யோசிப்பான். ஆபீசுக்காக மதராஸுக்கு ஒரு கால் புக் பண்ணினபோதுதான் அந்தக் குரலை முதலில் கேட்டேன். லைன் கிடைக்க மூன்று மணி நேரமானது. எனக்கு அது போதவில்லை.

சர்ஜன் ஊரில் பெயர் பெற்றவர். "ஒரு மணி நேர வேலை, வெள்ளிக்கிழமை வீட்டுக்குப் போகலாம்" என்றார். குரலுக்கு ஏதாவது ஆகலாம் என்று அவரும் சொல்லவில்லை; கேட்க வேண்டும் என்று எங்களுக்கும் தெரியவில்லை.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் மத்தியானமே நான் நன்றிக் கடிதத்தை அடித்துவிட்டேன். அதில் நான் மிகவும் ரசித்த வரி: 'தங்கள் கரங்களின் திறமையால் என் மனைவியின் குரல் முன்னைவிட இனிமையாக ஒலிக்கிறது.' வெள்ளிக்கிழமை டிஸ்சார்ஜ். தேதியை நிரப்பி, கையெழுத்துப் போட்டு, ஒரு பெட்டி மிட்டாயோடு சர்ஜன் கையில் கொடுத்தேன். ஆட்ரி ஒரு வாரம் பேசக்கூடாது என்று உத்தரவு. பக்கத்தில் சிரித்துக்கொண்டு நின்றாள்.

ஒரு வாரம் கழித்துப் பேசினாள். "ஏங்க" என்றாள். காற்றுதான் வந்தது.

இரண்டு மாதத்தில் சரியாகும் என்றார் சர்ஜன். அப்புறம் ஆறு மாதம் என்றார். அதற்கப்புறம், "இது மனசு சம்பந்தப்பட்டது, உங்கள் மனைவி கொஞ்சம் சந்தோஷமாக இருக்கப் பழக வேண்டும்" என்றார். எக்ஸ்சேஞ்சில் அவளை ரெக்கார்டு ரூமுக்கு மாற்றினார்கள். பழைய சீட்டுகளை அடுக்குகிற வேலை. அங்கே பேச ஆளும் கிடையாது.

காது மூக்கு தொண்டை டாக்டர் ஒருவரிடம் கூட்டிக்கொண்டு போனேன். சின்னக் கண்ணாடியைத் தொண்டைக்குள் விட்டுப் பார்த்தார். குரல் நாண் ஒன்று அசையவே இல்லை, ஆபரேஷனில் நரம்பு வெட்டுப்பட்டிருக்கலாம் என்று வாயால் சொன்னார்.

"அதையே எழுதிக் கொடுங்கள் டாக்டர்."

பேனாவை எடுத்தார். என்னைப் பார்த்தார், கதவைப் பார்த்தார். 'குரல் கரகரப்பு. பேச்சைக் குறைக்கவும்' என்று எழுதினார். "நானும் இதே ஊரில்தானே இருக்கவேண்டும், மிஸ்டர் வால்டர்" என்றார். பாவம், வாசல் வரைக்கும் வந்து வழியனுப்பினார்.

கேஸ் போடலாம் என்று நான் சொன்னபோது ஆட்ரி என் காதருகே வந்து சொன்னாள்: "எனக்கு வேற ஒண்ணும் வேண்டாங்க. அன்னைக்கு அந்த டேபிள்ல என்ன நடந்துச்சுன்னு ஒரு பேப்பர்ல இருக்கணும். என் மனசுதான் காரணம்னு இருக்கக்கூடாது."

வக்கீல் பெந்த்ரே நல்ல மனிதர். முதல் நாளே சொல்லிவிட்டார்: "ஒரு டாக்டர் செய்தது தப்பு என்று இன்னொரு டாக்டர் கூண்டில் ஏறிச் சொல்லவேண்டும். பூனாவில் அப்படி ஒருவரைக் கண்டுபிடித்தால் எனக்கும் காட்டுங்கள், நானும் பார்த்ததில்லை." ஆஸ்பத்திரி ஃபைலைக் கேட்டு நோட்டீஸ் விட்டார். ஃபைல் வைக்கிற அறையில் மழைத்தண்ணீர் ஒழுகி ஆபரேஷன் குறிப்புகள் எல்லாம் அழிந்துவிட்டதாகப் பதில் வந்தது.

ஒரே ஒரு காகிதம் மட்டும் நனையவில்லை. என் கடிதம். கண்ணாடிச் சட்டம் போட்டு வெயிட்டிங் ரூமில் மாட்டியிருந்தார்கள்.

கேஸ் எண்பத்தாறில்தான் விசாரணைக்கு வந்தது. முதலில் ஆட்ரி. சாட்சி சொல்வதைக் கேட்டு டைப் அடிக்க ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவள் பேசப் பேச அவர் காதைச் சாய்த்துப் பார்த்தார், நாற்காலியை முன்னால் இழுத்துப் பார்த்தார். "சத்தமாக, அம்மா" என்றார் ஜட்ஜ். ஆட்ரியின் கழுத்து நரம்பு புடைத்தது. மேலே மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. டைப்பிஸ்ட் ஜட்ஜைப் பார்த்துக் கையை விரித்தார். எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. காதில் விழாததை ஒரு டைப்பிஸ்ட் எப்படி அடிப்பான்?

எழுதிக் காட்டட்டும் என்றார் ஜட்ஜ். பேசவே முடியாது என்பதற்கு மெடிக்கல் சர்டிபிகேட் எங்கே என்றார் எதிர்க்கட்சி வக்கீல். எங்களிடம் இருந்தது, பேச்சைக் குறைக்கச் சொன்ன அந்தச் சீட்டு. அதைப் படித்துவிட்டு, "குறைத்திருக்கிறார், அவ்வளவுதான்" என்று உட்கார்ந்தார்.

அடுத்தது நான். கண்ணாடிச் சட்டத்தோடு கடிதத்தைக் கொண்டுவந்து காட்டினார்கள்.

"இது உங்கள் கடிதமா?"

"ஆமாம்."

"குரல் முன்னைவிட இனிமை என்று இருக்கிறது. அந்தக் குரலைக் கேட்டுவிட்டு எழுதினீர்களா, கேட்காமல் எழுதினீர்களா?"

கேட்டுவிட்டு என்றால் கேஸ் அங்கேயே முடிந்தது.

"கேட்காமல்."

"அப்படியானால் டாக்டருக்குப் பொய் எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கிறீர்கள்."

"முந்தின நாளே அடித்துவிட்டேன் சார். அது என் வழக்கம்."

கோர்ட் சிரித்தது. ஜட்ஜ்கூட வாயைப் பொத்திக்கொண்டார். நான் சொன்ன எந்த ஜோக்குக்கும் அத்தனை பேர் சிரித்ததில்லை. எப்போதும் எனக்காகச் சிரிக்கிற ஆட்ரி தன் கைப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நடக்காததை நடந்ததாக எழுதுவது இந்தச் சாட்சியின் வழக்கம். குறித்துக்கொள்ள வேண்டும்" என்றார் அந்த எதிர்க்கட்சி வக்கீல். டைப்பிஸ்ட் அதை அடித்தார். அது அவருக்கு நன்றாகவே கேட்டது.

அடுத்த வருஷம் கேஸ் தள்ளுபடி ஆனது. தீர்ப்பில் என் வரி முழுசாக, ஒரு எழுத்துப் பிசகாமல் இருந்தது. கோர்ட் வாசலில் பெந்த்ரே எங்களுக்கு டீ வாங்கிக் கொடுத்தார். வாங்குகிறவர்களைக் காப்பாற்றப் புதுச் சட்டம் வந்திருக்கிறது என்றார். டாக்டரிடம் போகிறவனும் அதில் சேர்த்தியா என்று இனிமேல்தான் சண்டை. நாங்கள் என்ன கடைக்காரர்களா என்று டாக்டர்கள் கேட்பார்கள். எந்தப் பக்கம் தீர்ந்தாலும் எண்பத்தொன்றில் நடந்ததற்குச் செல்லாது. டீ ஆறிப்போயிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் ஆட்ரி மெஷினைக் காட்டினாள். நான் குனிந்து காதைக் கொடுத்தேன்.

"வக்கீல் அஞ்சு வருஷமா நமக்காக அலைஞ்சிருக்காரு. தேங்க்ஸ் லெட்டர் முந்தியே அடிச்சு வச்சிருப்பியளே?"

"இல்ல."

"ஏன், நடை வரலியா?"

தாளைச் சொருகினேன். தேதியை அடித்தேன். அந்த மெஷினில் முதல்முறையாகத் தேதியை முதலில் அடித்தேன். பிறகு, "நீ சொல்லு ஆட்ரி, நான் அடிக்கேன். அன்னைக்கு என்ன நடந்துச்சோ அதைச் சொல்லு" என்றேன்.

ஆட்ரி நாற்காலியை இழுத்து என் காதோரம் போட்டுக்கொண்டு சொல்ல ஆரம்பித்தாள். மெஷின் சத்தத்தில் அவள் பேச்சு கேட்கவில்லை. அதனால் அவள் ஒரு வார்த்தை சொல்வாள், நிறுத்துவாள். நான் அடிப்பேன், நிறுத்துவேன். அவள் அடுத்ததைச் சொல்வாள். ஒரு பக்கம் முடிய இரண்டு மணி நேரமானது.

மேலே யாருக்கு என்று அடிக்க வேண்டிய இடத்தைக் காலியாக விட்டிருந்தேன். யார் பெயரைப் போடலாம் என்று கேட்டேன். ஆட்ரி யோசித்தாள். நானும் யோசித்தேன்.