இருபத்து மூன்று டிகிரி

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் சாப்பாட்டு மேசையில் தட்டு வைக்க இடமில்லை. கண்காட்சி ஹால்களின் வரைபடத்தை மேசை முழுக்க விரித்து, சுருண்டுகொள்ளாமல் இருக்க நாலு மூலையிலும் நாலு டம்ளரை வைத்திருந்தாள் மெக்கானிக்கின் மனைவி. வில், அம்பு, நாண், இலக்குப் பலகை என்று வில்வித்தைச் சாமான்களைச் செய்கிறவர்களும் விற்கிறவர்களும் வருஷத்துக்கு ஒருமுறை கூடுகிற வர்த்தகக் கண்காட்சி அது. வேடிக்கை பார்க்க வருகிறவர்களுக்கு அங்கே இடமில்லை, தொழிலில் இருக்கிறவர்களுக்குத்தான் பாஸ். அந்த மாதிரி இரண்டு பாஸ் வந்து, அலமாரிக் கண்ணாடியில் செருகி, மூன்று வாரமாக வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டியாகிவிட்டது. வரும் திங்கட்கிழமை கிளம்ப வேண்டும்.

"காலைல முதல்ல ரெண்டாம் ஹால்," என்று சிவப்புப் பென்சிலால் கோடு இழுத்தாள். "கூட்டம் சேர்றதுக்குள்ள பத்து கடைக்காரங்களப் பாத்துடலாம். அப்புறம் நேரா மூணாம் ஹால்."

"மூணாம் ஹால் வேண்டாமே," என்றார் மெக்கானிக்.

"ஏனாம்?"

"அங்க எல்லாம் பெரிய பெரிய கம்பெனிங்க. நம்மள மாதிரி ஆளத் திரும்பிக்கூடப் பாக்க மாட்டாங்க."

"திரும்பிப் பாக்க வைக்கத்தானே போறோம்?"

அவள் தலையை நிமிர்த்தி அவரையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு மூன்றாம் ஹாலைச் சுற்றிப் பெரிதாக ஒரு வட்டம் போட்டாள்.

விஷயத்துக்கு வருவோம். அவர் வில் பழுது பார்க்கிறவர். பயிற்சிக் கூடத்தை ஒட்டிய கடையில் இருபது வருஷமாக அதே ஸ்டூல். அவள் ரப்பர் வாஷர் செய்யும் பட்டறையில் பிரஸ் மிஷின் ஓட்டுகிறவள். ஒருநாள் அவர் மறந்துவிட்டுப் போன சாவியைக் கொடுக்க வந்தவள், கூடத்தில் ஒரு சின்னப் பெண் இலக்குப் பலகையில் காலை ஊன்றிக்கொண்டு, புதைந்த அம்பை இழு இழு என்று இழுத்து, கடைசியில் மல்லாக்க விழுந்ததைப் பார்த்தாள். எல்லோரும் சிரித்தார்கள். இவள் மட்டும் சிரிக்காமல், "கைக்கு அடக்கமா ஒரு ரப்பர் பிடி இருந்தா இந்தப் பாடு வேண்டாமே," என்றாள்.

சொன்னதோடு விட்டாளா? இரண்டரை வருஷம். பட்டறை முதலாளியிடம் கெஞ்சிக் கூத்தாடி, வேலை முடிந்த பிறகு அதே பிரஸ்ஸில் பதினோரு அச்சு செய்து பார்த்தாள். விரல் சுட்டுக்கொண்டதற்குக் கணக்கில்லை. கடைசியில் வந்தது உள்ளங்கை அளவு கறுப்பு ரப்பர். அம்பின் மேல் மடித்துப் பிடித்து இழுத்தால் போதும், வந்துவிடும். ரகசியமெல்லாம் உள்பக்கத்தில் சாய்வாக ஓடும் பள்ளங்களில் இருந்தது. வியர்த்த கையானாலும் வழுக்காது. வீட்டில் அதற்குப் பெயர் 'பிடுங்கி'. அவளுடைய தம்பி, வேன் டிரைவர், அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "இத்தன வருஷமா மாமா என்னத்தப் புடுங்கினார்னு யாராவது கேட்டா இனிமே தைரியமா எடுத்துக் காட்டலாம்க்கா," என்றான். அக்காவிடம் முதுகில் ஒன்று வாங்கினான்.

அவள் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று. கண்காட்சி வரைக்கும் யார் கண்ணிலும் படக்கூடாது. அங்கே நாலு ஆர்டர் பிடித்து, வந்ததும் வடிவத்தைத் தங்கள் பேரில் பதிவு செய்துவிட வேண்டும். "உன்மேல சத்தியமா ஒருத்தர்கிட்டயும் மூச்சு விடமாட்டேன்," என்றார் மெக்கானிக். பாவி மனுஷன், அந்த நிமிஷம் மனதாரத்தான் சொன்னார்.

போன வருஷம் பெரிய வில் கம்பெனி ஒன்றின் விற்பனைப் பிரதிநிதி கடைக்கு வந்தான். கோட்டும் சூட்டுமாக வந்தவன், எண்ணெய்க் கையென்றும் பார்க்காமல் இவர் கையைப் பிடித்துக் குலுக்கினான். "உங்கள மாதிரி அனுபவசாலிங்கதான் சார் எங்களுக்கு வேணும், புதுசா ஏதாவது இருந்தா அனுப்புங்க," என்றான். இருபது வருஷத்தில் அவரை சார் என்று கூப்பிட்ட முதல் ஆள். உச்சி குளிர்ந்துபோனார். கம்பெனியிடமிருந்து ஒரு கடிதம் வாங்கி மனைவி முன்னால் நீட்டினால் அவள் முகம் எப்படி மலரும் என்று ஒரு கணக்குப் போட்டார். மறுநாளே ஒரு பிடுங்கியைப் பொட்டலம் கட்டி அனுப்பிவிட்டார்.

அதோடு நின்றிருந்தால்கூட ஏதோ கொஞ்சம் பிழைத்திருக்கலாம். ஆனால் அவர் மேசையிலிருந்து எந்தச் சாமானும் அட்டை இல்லாமல் வெளியே போகாது. வில்லானாலும் நாணானாலும் எல்லா அளவையும் ஒரு சின்ன அட்டையில் பொடி எழுத்தில் எழுதி நூலில் கட்டித்தான் கொடுப்பார். நாளைக்கு எந்த ஊர் மெக்கானிக் கையில் போனாலும் அவன் திணறக்கூடாதாம். கடையில் அவருக்கு 'அட்டைக்காரர்' என்றே பெயர். அந்தப் பழக்கத்தில் பிடுங்கிக்கும் ஓர் அட்டை கட்டினார். ரப்பரின் கடினம், பள்ளத்தின் ஆழம், எத்தனை டிகிரி சாய்வு, அச்சின் சூடு, எத்தனை நிமிஷம் அழுத்த வேண்டும் என்பது வரைக்கும் அதில் இருந்தது. திருட வருகிறவனுக்குச் சாவியையும் கொடுத்து, விளக்கையும் பிடித்தார்.

பதிலே வரவில்லை. பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று விட்டுவிட்டார்.

அந்தச் செவ்வாய் மத்தியானம் கண்காட்சிப் புத்தகம் கடை விலாசத்துக்குத் தபாலில் வந்தது. யார் யார் எந்த ஸ்டால், என்ன புதுச் சரக்கு என்று எல்லாம் அச்சிட்ட தடிப் புத்தகம். நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம், மூன்றாம் ஹால், முழுப் பக்கப் படம். சிவப்பு நிறத்தில், கம்பெனி முத்திரையோடு, பிடுங்கி. கீழே அளவுகள். மெக்கானிக் புத்தகத்தை நாண் பெட்டிக்கு அடியில் தள்ளிவிட்டு, கக்கூஸுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

புதன்கிழமை சாப்பாட்டு நேரத்தில் வடிவங்களைப் பதிவு செய்யும் அலுவலகத்துக்கு ஓடினார். கவுன்ட்டரில் இருந்த அம்மா பொறுமையாகத்தான் தேடிப் பார்த்தார். "நாலு மாசம் முன்னாடியே அவங்க பேர்ல பதிவாயிடுச்சுங்களே. இனிமே வேற யாராவது இத வெளில காட்டினாலோ வித்தாலோ அவங்க கேஸ் போடலாம்."

"இத செஞ்சதே எங்க வீட்டுக்காரம்மாங்க."

"எழுத்துல ஏதாவது இருக்கா?"

எழுத்தில் இருந்ததெல்லாம் அந்த அட்டைதான். அதுவும் அவர்களிடம் இருந்தது.

இதுதான் நிலைமை. மனைவி அந்த ஹாலில் பையைத் திறந்தால் கள்ளச் சரக்கு என்பார்கள். தன் கையால் செய்ததையே திருடிக்கொண்டு வந்தவள் என்று ஊர் கூடி நிற்கிற இடத்தில் அவளை நிறுத்துவார்கள். அதற்கு முன்னால் அவர் வாயைத் திறந்தாக வேண்டும். திங்கட்கிழமைக்குள். இவ்வளவுதான் வேலை, ஒரு நிமிஷம் பிடிக்காது.

அந்த ஒரு நிமிஷம்தான் அவருக்கு வாய்க்கவில்லை. புதன் ராத்திரி சாப்பிடும்போது தொண்டைவரை வந்தது. "புத்தகம் இன்னும் வரலையா?" என்று அவள் கேட்டாள். "தபால்காரன் லேட் பண்றான்," என்று தொண்டைவரை வந்ததை மென்று முழுங்கினார். வியாழக்கிழமை அவள் மறுபடி, "மூணாம் ஹாலுக்கு எத்தன மணிக்குப் போலாம்?" என்றாள். "உனக்கு எதுக்கு இந்த மூணாம் ஹால் பைத்தியம்?" என்று எரிந்து விழுந்தார். வெள்ளிக்கிழமை ஷூ வாங்கப் போனார்கள். அவள் போட்டுக்கொண்டு கடைக்குள்ளேயே நாலடி நடந்து பார்த்து, "எடுக்கட்டுமா? வேண்டாம்னா இப்பவே சொல்லிடுங்க," என்றாள்.

"ஒரு சைஸ் பெருசா எடு," என்றார் மெக்கானிக். "நாள் பூரா நடக்கணும், கால் வீங்கும்."

அவள் தலையாட்டிவிட்டு ஒரு சைஸ் பெரிதாகவே எடுத்தாள்.

சனிக்கிழமை தம்பி வந்தான். திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போக வேனோடு வாசலில் நிற்பதாகச் சொன்னான். "பெரிய மனுஷங்க ஆனதும் இந்த டிரைவர மறந்துடாதீங்க மாமா. மானேஜர் வேல போதும், அதிகம் கேக்கல."

"மானேஜர் ஆகணும்னா முதல்ல அந்த வேன கழுவுடா," என்றாள் அக்கா. தம்பி சிரித்தான், அவளும் சிரித்தாள். மெக்கானிக்கும் சிரித்துவைத்தார். சொல்லிவிடலாமா என்று அப்போதும் தோன்றியது. மச்சினன் முன்னால் எப்படிச் சொல்வது என்று ஒரு சாக்கும் கூடவே தோன்றியது. நல்ல மனுஷர்தான், யாருக்கும் கெடுதல் நினைக்காதவர்தான். ஆனால் இந்த மாதிரி நல்ல மனுஷர்களைக் கட்டிக்கொண்டு மாரடிப்பது எவ்வளவு கஷ்டம் என்று அவள்தான் சொல்ல வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மேசையில் வரைபடத்தின் மேல் முப்பது பிடுங்கிகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றிலும் நூல், நூலில் அட்டை. போன மாதமே அவர் எழுதிவைத்த அட்டைகள். அவள் ஒன்றைக் கையில் எடுத்தாள்.

"உங்க கோணமானியக் கொஞ்சம் எடுங்க."

"இப்ப எதுக்கு?"

"எடுங்களேன்."

அது அவருடைய பழைய பித்தளைக் கோணமானி. என்றைக்கோ கீழே விழுந்து மூலை நசுங்கியதிலிருந்து எதை அளந்தாலும் ஒரு டிகிரி கூடக் காட்டும். புதிது வாங்க மனசில்லை. அட்டையில் இருப்பதில் ஒன்றைக் கழித்துக்கொள்ள வேண்டும் என்பது கடையில் எல்லோருக்கும் மனப்பாடம். வீட்டிலும்தான்.

அவள் பிடுங்கியைப் பிரித்து, உள்ளே பள்ளத்தின் சாய்வில் முதலில் தன் பட்டறையிலிருந்து கொண்டுவந்த எஃகுக் கோணமானியை வைத்தாள். "இருவத்திரெண்டு." பிறகு அவருடையதை வைத்தாள். "இருவத்தி மூணு." இரண்டையும் மேசையில் பக்கத்துப் பக்கத்தில் வைத்தாள். "இந்தப் பள்ளத்த இருவத்தி மூணுன்னு சொல்ற கோணமானி உலகத்துலயே இது ஒண்ணுதான். இல்லையா?"

"ஆமா," என்றார். அவருக்கே கேட்கவில்லை.

"நூத்திப் பன்னெண்டாம் பக்கத்துலயும் இருவத்தி மூணுன்னுதான் போட்டிருக்கு."

மெக்கானிக் பித்தளைக் கோணமானியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"எப்ப பாத்த?"

"செவ்வாக்கிழமை. அந்தப் புத்தகம் போன்லயும் வரும். பாஸ் வாங்கறப்ப என் நம்பரும்தானே குடுத்தோம்?"

"நான் வந்து… உனக்குத் தெரிஞ்சா மனசு உடஞ்சிடுமேன்னு…"

"உடஞ்சதுதான். சொல்லாம விட்டா உடையாதா?" அவள் குரல் உயரவே இல்லை. உயர்ந்திருந்தால் அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும். "அன்னைக்கு சாயங்காலமே சொல்லியிருந்தீங்கன்னா ரெண்டு பேரும் சேந்து அழுதிருப்போம். திட்டியிருப்பேன், நாலு பாத்திரத்தத் தூக்கிப் போட்டிருப்பேன், அதோட போயிருக்கும். ஆறு நாளா பாத்ரூம்ல தண்ணியத் தொறந்துவிட்டுத் தனியா அழுதேங்க. மூணாம் ஹால், மூணாம் ஹால்னு எத்தன தடவ கேட்டேன்? வேற எதுக்குக் கேட்டேன்னு நெனச்சீங்க?"

அவள் பிடுங்கியை வரிசையில் திரும்ப வைத்தாள்.

"வியாழக்கிழமையே பட்டறைல லீவு வேண்டாம்னு சொல்லிட்டேன்."

"அப்புறம் வெள்ளிக்கிழமை அந்த ஷூ…"

"எடுக்க வேண்டாம்னு சொல்வீங்களான்னு பாத்தேன். நீங்க ஒரு சைஸ் பெருசா எடுன்னு சொன்னீங்க."

மெக்கானிக் உட்கார்ந்துவிட்டார். அழுகை முட்டிக்கொண்டு வந்தது, ஆனால் அவள் அழாமல் நிற்கும்போது தான் அழ வெட்கமாக இருந்தது. "அந்தக் கம்பெனிக்காரன சும்மா விடக்கூடாது," என்று சம்பந்தமில்லாமல் சொன்னார்.

"கம்பெனிக்காரன் எவனோ. அவன் மூஞ்சியக்கூட நான் பாத்ததில்ல. அவன் ஏமாத்தினா ஏமாத்திட்டுப் போறான்." அவள் டம்ளர்களை ஒவ்வொன்றாக எடுத்தாள். வரைபடத்தின் மூலைகள் சுருண்டு பிடுங்கிகளின் மேல் விழுந்தன. "சாப்பிட வாங்க."

திங்கட்கிழமை காலை ஆறரைக்கு அவள் சாப்பாட்டு டப்பாவைப் பையில் வைத்துக்கொண்டு பழைய செருப்பை மாட்டினாள். புது ஷூ பெட்டியோடு கதவோரம் இருந்தது. மெக்கானிக் ராத்திரி முழுக்கத் தூங்காத கண்ணோடு நின்றுகொண்டிருந்தார். மன்னித்துவிடு என்பதை எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது என்று அவருக்குப் பிடிபடவில்லை.

"தம்பி ஏழு மணிக்கு வருவான்," என்றாள். "நான் ஒண்ணும் சொல்லல. எங்கிட்ட சொல்லாதத அவன்கிட்டயாவது சொல்லுங்க."

"சரி."

"அப்புறம் அந்த முப்பது அட்டைலயும் தப்பா இருக்கு. திருத்தி வச்சிடுங்க."

"யாருக்கு?"

"யாருக்கும் இல்ல. இந்த வீட்டுலயாவது சரியா இருக்கட்டும்."

அவள் படியிறங்கிப் போகிற சத்தம் தேய்ந்து நின்றது. மெக்கானிக் மேசையில் உட்கார்ந்தார். பேனாவை எடுத்து முதல் அட்டையில் இருபத்து மூன்றை அடித்துவிட்டு, பக்கத்தில் இருபத்திரண்டு என்று எழுதினார். ஒரு டிகிரியில் எந்த அம்புக்கும் வித்தியாசம் தெரியப்போவதில்லை. அடுத்த அட்டை. அதற்கடுத்த அட்டை. ஒன்பதாவதை முடிக்கும்போது கீழே வேன் வந்து நின்று, இரண்டு தடவை ஹாரன் அடித்தது.

"மாமா! வண்டியக் கழுவிட்டேன், வந்து பாருங்க! அக்காவக் கூட்டிட்டு சீக்கிரம் இறங்குங்க, ட்ரெயின் நிக்காது!"

அவர் எழுந்து ஜன்னல்வரைக்கும் போனார். தம்பி இஸ்திரி போட்ட சட்டையில், தலையை வழித்து வாரிக்கொண்டு, மேலே பார்த்துக் கையாட்டினான். மெக்கானிக்கும் கையாட்டினார். "இதோ வரோம்," என்று சொல்லிவிட்டு, மேசைக்குத் திரும்பி வந்து பத்தாவது அட்டையை எடுத்தார்.