பெண்டாட்டிக்கு மட்டும் பூட்டு

கணவன் குளிக்கப் போனாலும் போனைக் கையோடு கொண்டுபோவான். விரல்ரேகைப் பூட்டு, முகப் பூட்டு வேறு. கேட்டால், "பிரைவசிடி, உனக்குப் புரியாது" என்பான். அந்த மகாராஜன்தான் தன் நடமாட்டத்தைக் கண்காணிக்க, போனிலிருந்த டார்ச் ஆப் முதல் கண்ட கழுதைக்கெல்லாம் படிக்காமலே 'அனுமதி' கொடுத்திருந்தான்.

அன்று மாலை மனைவி வீட்டு டேப்லெட்டைத் திறந்தாள். அதில் அவன் தன் போன் கணக்கில் நுழைந்துவிட்டு, வெளியேற மறந்தே போயிருந்தான். "மதியம் நீங்கள் சென்ற தியேட்டர் எப்படி இருந்தது?" என்று திரை விசாரித்தது.

"ஆபீஸ்ல மதியமெல்லாம் மீட்டிங். தலைவலி உயிர் போகுது" என்றபடி அவன் உள்ளே வந்தான், போனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு.

"படம் அவ்வளவு மோசமா?" என்றவள், அவன் பெயரில் ஒரே ஒரு நட்சத்திரம் கொடுத்தாள்.