பொருத்தம் சரியா இருக்கு

மாரீஸ்வரன் மைக்கைத் தட்டிப் பார்த்ததும் நாகஜோதியின் கை தானாக இடுப்புக்குப் போனது. மதுரையில் சோதனை செய்துவிட்டு வந்த நாளிலிருந்து இதே பழக்கம். முந்தானையைச் சரிசெய்கிறவள் போல இடது விலாவுக்குக் கீழே தொட்டுப் பார்த்துக்கொள்வாள். உள்ளே இருப்பது வெளியே தொட்டால் தெரியுமா என்ன, ஆனாலும் கை கேட்பதில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூரில் அந்தக் கல்யாண மண்டபம் நிறைந்திருந்தது. கூமாப்பட்டி, வத்திராயிருப்புப் பக்கத்திலிருந்து பட்டாளத்துக்கும் போலீசுக்கும் போனவர்கள் மாதாமாதம் போட்டுச் சேர்த்த மருத்துவ நிதியின் கூட்டம். ஓய்வுபெற்ற ஹவில்தார் மாரீஸ்வரன்தான் செயலாளர்; நாகஜோதியின் புருஷன் சங்கிலிப்பாண்டிக்குச் சித்தப்பா முறை. விவசாயம் பார்த்துக்கொண்டிருந்த சங்கிலிப்பாண்டி, இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போய், டயாலிசிஸுக்காக பஸ் மாறி பஸ் ஏறி ராஜபாளையம் போய்வந்துகொண்டிருந்தான். நாகஜோதி தன் சிறுநீரகம் ஒன்றைக் கொடுத்து, காப்பீட்டில் கிடைப்பது போக நிதியையும் மொத்தமாகத் துடைத்தெடுத்தால் அவனுக்கு மாற்று ஆபரேஷன் செய்துவிடலாம். அல்லது அதே பணத்தில் ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே ஒரு தர்ம ஆஸ்பத்திரிக்கு டயாலிசிஸ் மிஷின்கள் வாங்கிப் போடலாம். ராஜபாளையத்தில் இடம் கிடைக்காமல் காத்துக் கிடக்கிறவர்களுக்கு ஆகும். இரண்டில் ஒன்றுதான் முடியும்.

நாகஜோதியை அத்தை மகனுக்குத்தான் கட்டிக்கொடுத்திருந்தார்கள். சொந்தத்துக்குள்ளே எதுக்குப் பொருத்தம் என்று ஜாதகத்தைத் திறக்கவேயில்லை. இத்தனை வருஷம் கழித்து மதுரை ஆஸ்பத்திரியில் ஒரு நர்சம்மா சிரித்த முகமாக, "பொருத்தம் சரியா இருக்கும்மா" என்றாள். நாகஜோதி வீடு வந்து சேர்வதற்குள் செய்தி ஊருக்குள் வந்து இறங்கியிருந்தது. மாமியார் திருஷ்டி சுற்றிப் போட்டாள். தெரு முழுக்க வந்து அவளைப் பார்த்துவிட்டுப் போனது. குடுக்கியா என்று ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சரி என்றுதான் சொல்லியிருப்பாள், அது வேறு விஷயம். புருஷன் மேல் கொள்ளைப் பிரியம் அவளுக்கு. ஆனாலும் பயந்தாள். களையெடுக்கக் குனியும்போதெல்லாம் கத்தி படப்போகிற இடம் நினைவுக்கு வர, சட்டென்று நிமிர்ந்துவிடுவாள். இந்தப் பயத்தைப் போய் யாரிடம் சொல்வது? சொன்னால் பொண்டாட்டியா நீ என்று காறித் துப்ப மாட்டார்களா?

"ஒருத்தருக்கே அம்புட்டையும் அள்ளிக் குடுத்துட்டா, பொறவு வாரவங்களுக்கு என்ன பதிலு சொல்ல?" என்று பின்வரிசையில் ஒருவர் எழுந்தார்.

"கண்ணு முன்னால ஒரு உசுரு தவிக்குது. நீரு மிஷினப் பத்திப் பேசுதீரு!" என்று இன்னொருவர் கத்தினார்.

இரண்டு பேர் சொன்னதும் நியாயம்தான். ஒன்று தப்பாக இருந்திருந்தால் எல்லாரும் அப்போதே எழுந்து சாப்பிடப் போயிருக்கலாம். தூண் ஓரத்தில் வன்னியம்பட்டிச் சத்யப்பிரியா தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். சின்ன வயசு. ராஜபாளையத்தில் இடம் கிடைக்காமல் வாரத்துக்கு ஒரே ஒரு டயாலிசிஸோடு ஓட்டுகிறாள். கால் இரண்டும் வீங்கிச் செருப்புக்குள் நுழையவில்லை. மிஷின் வேண்டும் என்று கேட்டால், சங்கிலிப்பாண்டிக்கு வேண்டாம் என்று சொன்னதாகிவிடும்.

கடைசியில் மாரீஸ்வரன் தொண்டையைச் செருமிக்கொண்டு, "மிஷின் வாங்கலாங்கிறவிய கையத் தூக்குங்க" என்றார்.

ஒரு கையும் எழவில்லை. ஆள் எதிரேயே உட்கார்ந்திருக்கும்போது யாருக்குத்தான் மனசு வரும்? அப்போது முன்வரிசையில் ஒரு கை மெதுவாக உயர்ந்தது. ஊசி குத்திக் குத்தி நரம்பு கயிறாகப் புடைத்திருந்த இடது கை.

"ஏலே, என்னலே பண்ணுத?" மைக் வாயருகே இருப்பது மாரீஸ்வரனுக்கு மறந்தே போனது.

"மிஷினையே வாங்குங்க சித்தப்பா" என்றான் சங்கிலிப்பாண்டி. "அதுல எனக்கும் ஒரு பெட்டு போடுங்க, போதும். எறந்தவுக கிட்னி கேட்டு கவர்மெண்ட் லிஸ்ட்டுல பேரு கெடக்கு. வாரப்ப வரட்டும்."

அதற்குப் பிறகு ஒவ்வொரு கையாக உயர்ந்தது. நாகஜோதி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். சுற்றியிருந்த பெண்கள் ஓடிவந்து முதுகைத் தடவினார்கள். பாவம், துக்கம் என்று நினைத்தார்கள். அம்மாடி, தப்பித்தேன் என்றுதான் அவளுக்கு அழுகை வந்தது. புருஷனுக்குக் கிடைக்காமல் போனதற்கா நெஞ்சு இப்படி லேசாகிறது என்று உடனே கூசியது. கூச்சத்தில் இன்னும் அழுதாள். சத்யப்பிரியா காலை இழுத்து இழுத்து வந்து, "அக்கா, மன்னிச்சிருங்கக்கா" என்றாள். "ஏட்டி, நீ என்னட்டி செஞ்ச?" என்று நாகஜோதி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஆவணியில் மிஷின்கள் வந்துவிட்டன. சங்கிலிப்பாண்டிக்குப் பக்கத்துக் கட்டிலில் சத்யப்பிரியா போனில் எதையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். கட்டிலடியில் அவள் செருப்பு கிடந்தது. சங்கிலிப்பாண்டியின் ரத்தம் குழாயில் போய்ச் சுற்றி வந்துகொண்டிருந்தது. டாக்டர் முட்டை சாப்பிடச் சொல்லியிருந்ததால் நாகஜோதி இரண்டு அவித்துக் கொண்டுவந்திருந்தாள். டப்பாவைத் திறக்காமல் மடியில் வைத்தபடி, இத்தனை நாளும் கேட்காததைக் கேட்டாள்.

"அன்னைக்கு ஏன் மச்சான் கையத் தூக்குனிய?"

"எல்லாரும் சும்மா இருந்தாகளா, எனக்குக் கை ஊறிச்சு."

"வெளாடாதிய."

அவன் கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "மதுரைக்குப் போயிட்டு வந்ததுல இருந்து உறக்கத்துலகூட இடுப்புல இருந்து கைய எடுக்கலியே நீ. நான் பாக்கலன்னா நெனச்ச?"

நாகஜோதிக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அவசரமாக டப்பாவைத் திறந்து முட்டைகளை உரித்தாள். "ஒங்களுக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு" என்று ஒன்றை நீட்டினாள்.

அவன் ஊசியில்லாத கையால் அவள் விரல்களை மெல்ல மூடிவிட்டான்.

"செத்த நேரம் ரெண்டும் ஒங்கிட்டயே இருக்கட்டும்ட்டி."

மிஷின் சுற்றிக்கொண்டிருந்தது. இரண்டு முட்டையும் அவள் கைக்குள் கதகதவென்று இருந்தன.